கறையப் பாத்து வழி: பழைய வீட்டு தேக்கு வேலைய சுத்தம் பண்றது

"கதவு கருத்துப் போச்சு, என்ன போட்டுத் தேய்க்கலாம்?" பழைய வீடு வச்சிருக்கிற யார் கிட்ட பேசினாலும் இந்தக் கேள்விதான் முதல்ல வரும். காரைக்குடி, தேவகோட்டை பக்கத்து பர்மா தேக்கு வீடா இருந்தாலும் சரி, தஞ்சாவூர் பக்கம் முற்றம் வச்ச ஓட்டு வீடா இருந்தாலும் சரி, கேள்வி இதேதான். ஒரே பதில் கிடையாது. கருப்பா இருக்கிறது எண்ணெய் அழுக்கா இருக்கலாம், புகையா இருக்கலாம், பாலிஷே பழசாகி கருத்திருக்கலாம், இரும்பு பட்டு மரமே கருத்திருக்கலாம். ஒண்ணுக்குப் போடறத இன்னொண்ணுக்குப் போட்டா மரம் கெட்டுடும். அதனால கீழ எல்லாத்தையும் அறிகுறி வாரியா எழுதியிருக்கேன், உங்க வீட்டுல என்ன தெரியுதோ அந்தத் தலைப்புக்கு நேரா போங்க, ஆனா அடுத்த பகுதிய மட்டும் எல்லாரும் படிச்சுட்டுப் போங்க.

முதல்ல: மேல என்ன பாலிஷ் இருக்குன்னு பாருங்க

யார் கண்ணுலயும் படாத ஒரு இடம் எடுத்துக்கோங்க, கதவுன்னா கீல் பக்கத்து விளிம்பு, தூணுன்னா சுவர் பக்கம். காது குடையுற பஞ்சுக் குச்சி மூணு போதும்.

முதல்ல தண்ணி ஒரு சொட்டு விட்டு 10 நிமிஷம் விடுங்க. சொட்டு அப்படியே உருண்டு நின்னா மேல ஏதோ பாலிஷோ மெழுகோ இருக்கு. உள்ள இழுத்து அந்த இடம் கருத்தா வெறும் மரம், இல்ல எப்பவோ எண்ணெய் தேச்சுக் காஞ்ச மரம். அடுத்து ஸ்பிரிட், ஹார்டுவேர் கடையில பாலிஷ் போடறவங்க வாங்கறது. குச்சிய நனைச்சு ஒரு நிமிஷம் வச்சு உருட்டுங்க, ஒட்டற மாதிரி ஆகி பஞ்சுல பழுப்பா வந்தா அது அரக்குல பண்ணின பிரெஞ்ச் பாலிஷ், பழைய வீட்டுல பெரும்பாலும் இதுதான். ஸ்பிரிட்டுக்கு அசையலன்னா தின்னர் வைங்க, அதுல இளகினா லக்கர்ங்கிற வேற வகை பாலிஷ். இந்த வரிசைய மாத்தாதீங்க, ஏன்னா தின்னர் அரக்கையும் கரைச்சுடும், முதல்லயே தின்னர் வச்சா ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ரெண்டுக்குமே அசையலன்னா பின்னாடி யாரோ மெலமைனோ பியூ (பாலியூரித்தேன்) பாலிஷோ அடிச்சிருக்காங்கன்னு எடுத்துக்கலாம்.

இது எதுக்குன்னா, அரக்கு பாலிஷுக்கு காரம் ஆகாது. வாஷிங் சோடா, பார் சோப்பு, அமோனியா இருக்கிற கண்ணாடி ஸ்ப்ரே எல்லாமே அரக்க இளக்கிடும், 80 வருஷம் நின்ன பாலிஷ் ஒரே நாள்ல திட்டுத் திட்டா போயிடும். டர்பன்டைன் அரக்க ஒண்ணும் பண்ணாது, அழுக்கையும் மெழுகையும் மட்டும் எடுக்கும், அதனாலதான் பழைய மரத்துக்கு அத முதல்ல சொல்றேன்.

சாமான் எல்லாம் லோக்கல்லயே கிடைக்கும்: வெளுத்த பனியன் துணி நிறைய, பழைய டூத் பிரஷ், பெயிண்ட் அடிக்கிற மெத்துனு பிரஷ் ஒண்ணு, மூங்கில் குச்சி, டர்பன்டைன், ஸ்பிரிட், பாத்திரம் விளக்குற லிக்விட், தேன்மெழுகு. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரும் தேங்காய் நாரும் மரத்துகிட்டயே வரக்கூடாது. வேலை ஆரம்பிக்கும் முன்னாடி பூஜை விளக்கு, அடுப்பு எல்லாத்தையும் அணைச்சுட்டு ஜன்னல தொறந்து வைங்க, ஸ்பிரிட், தின்னர், டர்பன்டைன் மூணுமே தீப்பிடிக்கிற சாமான். மழைக்காலத்துல இத தொடாதீங்க, ஐப்பசி கார்த்திகையில துடைச்ச மரம் காயவே காயாது. தை, மாசி, பங்குனி சரியான நேரம்.

செட்டிநாட்டு வீடுன்னா இன்னொரு விஷயம். வாசக்கால ஒட்டி முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு சுவர் இருக்கும், கீழ ஆத்தங்குடி டைல்ஸ் கல்லு இருக்கும். பழுப்புத் தண்ணி சுவர்ல வழிஞ்சா அந்தக் கறை போகாது, ஆசிட் கல்லுல சொட்டினா பளபளப்பு போய் புள்ளி விழுந்துடும். சுவர் ஓரத்துல டேப் ஒட்டுங்க, தரையில பிளாஸ்டிக் ஷீட்டும் அதுக்கு மேல பழைய பெட்ஷீட்டும் விரிங்க.

அறிகுறி: கை வச்சா பிசுபிசுன்னு ஒட்டுது

எங்க ஒட்டுதுன்னு பாத்தாலே பாதி தெரிஞ்சுடும். தாழ்ப்பாள், கைப்பிடி சுத்தி மட்டும்னா கை அழுக்கு. தூண்ல உக்காந்தவங்க தலை உயரத்துக்கு, ஊஞ்சல் சாய்மானத்துல, பெஞ்சு முதுகுல ஒரு வட்டமா கருப்பு பளபளப்பு இருந்தா அது தலைமுறை தலைமுறையா சாஞ்சவங்க தேங்காய் எண்ணெய். முழு கதவும் ஒட்டினா யாரோ பொங்கலுக்குப் பொங்கல் எண்ணெய் தேச்சிருக்காங்க.

*நகத்தால சுரண்டிப் பாருங்க.* சாம்பல் கருப்பா உருண்டு வந்தா அழுக்கு. கண்ணாடி மாதிரி தெளிவான பழுப்புப் பசையா வந்தா பாலிஷே இளகியிருக்கு.

அழுக்குதான்னா முதல்ல ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணில அரை டீஸ்பூன் பாத்திர லிக்விட், அவ்வளவுதான், அதுக்கு மேல வேண்டாம். துணிய நனைச்சு நல்லாப் பிழிஞ்சு, தண்ணி சொட்டாத ஈரத்துல, மரத்து ரேகை (வரி வரியா ஓடற கோடு) போற திசையிலயே துடைங்க, உடனே இன்னொரு துணியால வெறும் தண்ணி வச்சுத் துடைச்சு, உடனே காஞ்ச துணியால ஒத்தி எடுங்க. ஒரு முழம் இடம் முடிச்சுட்டு அடுத்த முழம். கதவு முழுக்க நனைச்சு வச்சுட்டு டீ குடிச்சுட்டு வந்து துடைக்கலாம்னா வேலைக்காகாது. இது பத்தலன்னா டர்பன்டைன். துணில கொஞ்சம் எடுத்து சின்ன சின்ன வட்டமா தேய்ச்சா அழுக்கு இளகும், துணியத் திருப்பித் திருப்பி சுத்தமான பக்கத்தால எடுக்கணும், இல்லன்னா எடுத்த அழுக்கையே திரும்பப் பூசிட்டிருப்பீங்க.

தலை எண்ணெய்க் கறைக்கு துடைச்சா மட்டும் பத்தாது, எண்ணெய் உள்ள இறங்கியிருக்கும். முல்தானி மட்டிய டர்பன்டைன்ல குழைச்சு தோசை மாவு பதத்துக்கு மேல கெட்டியா அந்த வட்டத்துல அப்பி, மேல பிளாஸ்டிக் கவர் ஒட்டி ராத்திரி முழுக்க விட்டு, காலைல கவர எடுத்துக் காய விட்டு பிரஷ்ஷால தட்டுங்க. மண்ணுல எண்ணெய் ஏறி கருத்திருக்கிறத கண்ணால பாக்கலாம். ஒரு தடவைல போகாது, ரெண்டு மூணு தடவை வைக்கணும். சமதளமா இருக்கிற இடத்துல மட்டும் செய்ங்க, செதுக்கல்ல வச்சீங்கன்னா மண்ணு இண்டு இடுக்குல போய் வெள்ளையா நிக்கும்.

யாரோ எண்ணெய் தேச்ச கதவுக்கும் டர்பன்டைன்தான், ஆனா பொறுமை வேணும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் அரைகுறையா காஞ்சு பசை மாதிரி ஆகியிருக்கும், தேங்காய் எண்ணெய் காயவே காயாது, தூசியப் பிடிச்சு வச்சுக்கிட்டு வருஷா வருஷம் கருத்துட்டே போகும். "எண்ணெய் தேச்சா மரத்துக்கு நல்லது"ன்னு நம்ம ஊர்ல எல்லாரும் சொல்லுவாங்க, வீட்டுக்குள்ள இருக்கிற பாலிஷ் போட்ட மரத்துக்கு சமையல் எண்ணெய் தேவையே இல்ல. தயவுசெஞ்சு நிறுத்துங்க.

*எப்ப ஆளைக் கூப்பிடணும்:* பாலிஷே இளகி ஒட்டுதுன்னா. அத துடைச்சு சரி பண்ண முடியாது, எடுத்துட்டுப் புதுசா பிரெஞ்ச் பாலிஷ் போடணும், அது பாலிஷ் மேஸ்திரி வேலை.

அறிகுறி: ரேகையே தெரியாம முழுசா கருத்திருக்கு

சமையக்கட்டுப் பக்கம், விறகடுப்பு இருந்த எடம், கூரைக் கைமரம், பரண் பலகை எல்லாம் இப்படித்தான் இருக்கும். புகைக்கரியும் எண்ணெய் ஆவியும் சேந்து தார் மாதிரி உக்காந்திருக்கும்.

முதல் நாள் ஈரமே கூடாது. மாஸ்க் போட்டுக்கிட்டு மெத்து பிரஷ்ஷால ஒட்டடையையும் கரித்தூளையும் தட்டி, வாக்குவம் இருந்தா அதால இழுங்க. காஞ்ச கரிய முழுசா எடுக்காம ஈரத் துணி வச்சீங்கன்னா அது மையா கரைஞ்சு ரேகைக்குள்ள இறங்கிடும், அப்புறம் யாராலயும் எடுக்க முடியாது. அதுக்கப்புறம் டர்பன்டைன். மேல ஒரு உள்ளங்கை அளவு இடத்துல துடைச்சுப் பாருங்க, துணில வர்ற கலர் முக்கியம். கருப்பு, சாம்பல் வந்துட்டே இருந்தா அழுக்கு, தொடருங்க. தேன் கலர்ல மாறிச்சுன்னா அழுக்கு முடிஞ்சு அடியில இருக்கிற பழைய பூச்சு வரைக்கும் வந்துட்டீங்க, அங்கயே நிறுத்துங்க. நிறைய பேர் தப்பு பண்றது இந்த இடத்துலதான், இன்னும் வெளுக்கும்னு தேய்ச்சுட்டே போவாங்க. தேக்கு வயசாக வயசாக ஒரு தேன் பழுப்பு வரும், அது அழுக்கு கிடையாது, அத எடுத்தா திரும்ப வர பல வருஷம் ஆகும்.

வேங்கை மரமா இருந்தா கொஞ்சம் உஷார், ஈரம் பட்டா மரத்துலருந்தே மஞ்சளும் பழுப்புமா சாயம் எறங்கும். துணி கலர் மாறிட்டே இருக்குதேன்னு தேய்ச்சுட்டே இருக்காதீங்க, வேங்கைக்கு தண்ணிய விட்டுட்டு டர்பன்டைன் மட்டும் வைங்க.

ஏணி மேல நின்னு கூரைல டர்பன்டைன் வேலை பாக்கறது வீட்டுல இருக்கிறவங்களுக்கு ஏத்ததில்ல. வாடைல தலையும் சுத்தும், கையும் வலிக்கும். கைமரம், உத்தரம் அளவுக்கு மேலன்னா சாரம் கட்டி ஆள் வச்சு செய்ங்க.

அறிகுறி: வெள்ளையா ஏதோ இருக்கு

வெள்ளைல அஞ்சு வகை இருக்கு, தொட்டுப் பாத்தே பிரிக்கலாம்.

*வட்டமா, தொட்டா வழவழன்னு, பால் ஊத்தின மாதிரி.* சூடான டம்ளரோ ஈரச் செம்போ வச்ச தடம். ஈரம் பாலிஷுக்குள்ள மாட்டியிருக்கு, மரத்துக்குப் போகல, அதனால சுலபம். ரெண்டு நாள் ஃபேனுக்கு அடியில விட்டாலே சில சமயம் போயிடும். போகலன்னா காட்டன் துணிய ரெண்டா மடிச்சு மேல போட்டு, அயர்ன் பாக்ஸ் குறைஞ்ச சூட்டுல, ஸ்டீம் இல்லாம, ரெண்டு மூணு செகண்ட் வச்சு எடுத்துப் பாருங்க, திரும்ப வைங்க. அழுத்தி வச்சுட்டுப் போனா பாலிஷ் துணியோட வந்துடும். அப்படியும் லேசா மிச்சம் இருந்தா ஜெல் இல்லாத வெள்ளை டூத்பேஸ்ட் கொஞ்சம் விரல்ல எடுத்து ரேகை திசைல தேய்ச்சு துடைங்க.

*புள்ளி புள்ளியா, சொரசொரன்னு, சுவர ஒட்டி.* சுண்ணாம்புத் தெறிப்பு. வெள்ளை அடிக்கும்போது விழுந்தது. மூங்கில் குச்சிய சீவி உளி மாதிரி பண்ணி படுக்கப் பிடிச்சு நெம்புங்க, பெரும்பாலும் செதிளா உதிரும். மிச்சத்துக்கு வினிகர பாதிக்குப் பாதி தண்ணி கலந்து பஞ்சுக் குச்சியால அந்தப் புள்ளில மட்டும் வச்சு, நுரைச்சு நின்னதும் ஈரத் துணியால துடைச்சிடுங்க.

*பஞ்சு மாதிரி, மோந்து பாத்தா மக்கல் வாடை.* பூசணம். வெயில் இருக்கிற நாளா பாத்து மாஸ்க்கோட பிரஷ்ஷால எடுத்து, பிழிஞ்ச சோப்புத் துணியால துடைச்சு, ஃபேன் போட்டுக் காய வைங்க. ஆனா சுவர்ல ஓதம் ஏறுதா, மேல ஓடு ஒழுகுதா, பின்னாடி பாத்ரூம் பைப் கசியுதான்னு பாக்காம விட்டா அடுத்த மழைக்கே திரும்ப வரும். பிளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்தாதீங்க, மரம் நரைச்சு நார் நாரா எழும்பிடும். இதுக்கு கூப்பிட வேண்டிய ஆள் கொத்தனாரோ பிளம்பரோதான், பாலிஷ்காரர் இல்ல.

*பித்தளைக் குமிழ், கைப்பிடி சுத்தி, காஞ்ச மாவு மாதிரி.* பித்தளை பாலிஷ் மிச்சம். டூத் பிரஷ்ஷ டர்பன்டைன்ல தொட்டு எடுத்துடலாம். இனிமே பித்தளை தேய்க்கும்போது கார்டுபோர்டுல ஓட்டை போட்டு குமிழ சுத்தி மாட்டிக்கிட்டு தேய்ங்க. புளி போட்டுத் தேய்க்கிற பழக்கம் பாத்திரத்துக்கு சரி, கதவுல இருக்கிற பித்தளைக்கு வேண்டாம், புளித்தண்ணி மரத்துல வழிஞ்சு தடம் போட்டுடும்.

*தரையில குமிஞ்சு கிடக்கிற மாவு.* அது வேற விஷயம், கீழ "ஓட்டை" தலைப்புக்குப் போங்க.

அறிகுறி: கருப்புக் கறை, எதுக்கும் அசையல

ஜன்னல் கீழ்ச்சட்டத்தப் பாருங்க, இரும்புக் கம்பி மரத்துக்குள்ள இறங்குற இடத்துல ஒவ்வொரு கம்பியச் சுத்தியும் நீலம் கலந்த கருப்புல ஒரு நிழல், ரேகை போக்குல கீழ் நோக்கி நீண்டிருக்கும். சாரல் அடிச்ச பக்கம் நீளமா இருக்கும். இரும்பும் தண்ணியும் மரத்துல இருக்கிற துவர்ப்பும் சேந்து வந்த கறை இது, சோப்பும் டர்பன்டைனும் தொடாது. ஆணி சுத்தி, இரும்புப் பெட்டி வச்ச எடம், கதவு அடிக்கட்டை எல்லாத்துலயும் இதே கதைதான்.

இதுக்கு ஆக்ஸாலிக் ஆசிட். கெமிக்கல் கடையில வெள்ளை உப்பு மாதிரி கிடைக்கும். விஷம், அதனால கையுறை, கண்ணாடி, மாஸ்க் கட்டாயம், குழந்தைங்க இருக்கிற வீட்டுல வேலை முடிஞ்சதும் மிச்சத்த வைக்காதீங்க. பாலிஷ் இருக்கிற மேல இது வேலை செய்யாது, அந்தச் சட்டத்துல பாலிஷ எடுத்துட்டு வெறும் மரமா ஆக்கணும். அரக்குன்னா ஸ்பிரிட் நனைச்ச துணிய போட்டு இளக வச்சு எடுத்துடலாம். ஒரு லிட்டர் சூடான தண்ணில 50 லிருந்து 80 கிராம், பிளாஸ்டிக் டப்பாவுல, இரும்பு அலுமினியம் எதுவும் கூடாது. கறைல மட்டும் வச்சா அந்த இடம் மட்டும் வெளுத்து இன்னொரு கறையா தெரியும், அதனால அந்தச் சட்டம் முழுக்க ஒரே சீரா பிரஷ்ஷால தடவுங்க. 20 நிமிஷத்துல கருப்பு மங்கி வரும். அப்புறம் சுத்தமான தண்ணித் துணியால நாலஞ்சு தடவை துடைங்க, இத அவசரத்துல விட்டுடாதீங்க, உள்ள நின்ன உப்பு காஞ்சு பூத்துச்சுன்னா அத தேய்க்கும்போது வர்ற தூசி மூக்கையும் தொண்டையையும் அறுக்கும். ரெண்டு நாள் காய விட்டு, தேவைன்னா இன்னொரு தடவை.

கறை போயிடுச்சுன்னு அப்படியே விட்டா அடுத்த மழைல திரும்ப வரும். கம்பில துருவ சுரண்டி, மரத்துல இறங்குற முனை வரைக்கும் ரெட் ஆக்ஸைடு பிரைமர் அடிச்சு, மேல பெயிண்ட் அடிச்சாத்தான் வேலை முடிஞ்சது.

ரெண்டு தடவை வச்சும் மங்கலன்னா, இல்ல கத்தி முனைய வச்சா மெத்துனு இறங்குதுன்னா அது வெறும் கறை இல்ல, மரம் மக்கியிருக்கு. ஆசாரியக் கூப்பிடுங்க. முழு ஜன்னலயும் மாத்தச் சொன்னா உடனே தலையாட்டாதீங்க, கீழ்ச்சட்டத்த மட்டும் பழைய தேக்கு வச்சு ஒட்டுப் போட முடியும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு மாதிரி பழைய மரச்சாமான் கடைங்க இருக்கிற இடத்துல அதே காலத்து மரம் தேடினா கிடைக்கும், புது மரம் வச்சா கலரும் சேராது, பக்கத்து மரத்தோட சேந்து விரிஞ்சு சுருங்கவும் செய்யாது.

அறிகுறி: பூஜை அறைக் கதவு, நிலைப்படி: மஞ்சள், குங்குமம், எண்ணெய், கற்பூரப் புகை

இது நம்ம வீட்டுக்கே உரிய பிரச்சனை. வரிசை முக்கியம். முதல்ல காஞ்ச சந்தனமும் குங்குமமும் மெத்து பிரஷ்ஷால தட்டி எடுங்க, ஈரம் பட்டா குங்குமச் சாயம் ரேகைக்குள்ள ஓடிடும். அடுத்து எண்ணெய்க்கும் புகைக்கும் டர்பன்டைன். இது ரெண்டும் முடிஞ்ச பிறகுதான் தண்ணி.

நிலைப்படி மஞ்சளுக்கு சோப்பு போட்டீங்கன்னா மஞ்சள் சிவப்பா மாறிடும், பயந்துடாதீங்க, வினிகர் கலந்த தண்ணித் துணி வச்சா திரும்ப மஞ்சளாகும். மஞ்சள் கறைக்கு வெயில்தான் மருந்து, கழட்ட முடியற பலகைன்னா வெயில் காட்டுங்க, வெளுத்துடும். பூஜைக் கதவுல மணி மாட்டின சின்னச் சின்ன கட்டம் இருக்கும், ஒவ்வொரு மணிக்கும் பின்னாடி ஒரு பிறை வடிவத்துல கரி படிஞ்சிருக்கும். மூங்கில் குச்சி முனைல பனியன் துணிய சுத்தி டர்பன்டைன்ல தொட்டு அங்க மட்டும் எடுங்க. மணிய கழட்டணும்னா ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, கொக்கி பழசு, திருப்பினா ஒடியும், ஒடியற மாதிரி இருந்தா விட்டுடுங்க.

குங்குமச் சிவப்பு மரத்துக்குள்ளயே ஏறியிருந்தா முழுசா போகாது. ஒரு குடும்பம் வருஷக்கணக்கா வச்ச பொட்டு அது, அங்க உப்புத்தாள் போட்டு பள்ளம் ஆக்கறத விட லேசா தெரிஞ்சாலும் விடறதுதான் சரின்னு எனக்குப் படுது. இனிமே வைக்கிறதுக்கு நிலைப்படில மெழுகு ஒரு கோட்டிங் இருந்தா அடுத்த தடவை துடைச்சதும் வந்துடும்.

அறிகுறி: அழுக்கு போச்சு, ஆனா மரம் வறண்டு சாம்பலா தெரியுது

சந்தோஷப்படுங்க, பாலிஷ் போகல, பழைய மெழுகு மட்டும் போயிருக்கு. டர்பன்டைன் ஈரத் துணியால ஒரு இடத்தத் துடைச்சுப் பாருங்க, ஈரத்துல கலர் அழகா எழும்பினா மெழுகு போதும்.

100 கிராம் தேன்மெழுக சீவி, 300 லிருந்து 400 மில்லி டர்பன்டைன்ல போட்டு, அந்த டப்பாவ கொதிச்ச தண்ணி இருக்கிற பாத்திரத்துல வைங்க, அடுப்ப அணைச்ச பிறகு. நேரா தீயில வைக்கவே கூடாது. கரைஞ்சு ஆறினா வெண்ணெய் மாதிரி ஆகும். துணில கொஞ்சமே கொஞ்சம் எடுத்துத் தடவி, அரை மணி கழிச்சு காஞ்ச துணியால தேய்ங்க. செதுக்கல்ல நிறைய வச்சா இடுக்குல வெள்ளையா நிக்கும், அங்க பிரஷ்ஷால மெல்லிசா. வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல தேவையில்ல.

ஆளிவிதை எண்ணெய் தேய்க்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், அந்தத் துணிய சுருட்டி மூலைல போடாதீங்க. தானா சூடேறி தீப்பிடிக்கும். வெளிய தனித்தனியா விரிச்சுக் காயப் போடுங்க, இல்ல தண்ணில ஊறப் போட்டு எறியுங்க.

துடைச்சும் திட்டுத் திட்டா, ஒரு இடம் பளபளப்பு ஒரு இடம் மொட்டைன்னா பாலிஷ் தேஞ்சு போயிருக்கு. இப்ப மேஸ்திரி வேணும். வர்றவர் கிட்ட ரெண்டே கேள்வி: என்ன பாலிஷ் போடுவீங்க, பழசை எப்படி எடுப்பீங்க. "மிஷின் போட்டு அடிச்சுடலாம்"னார்னா வேண்டாம், செதுக்கல் முனையெல்லாம் மழுங்கிடும். காஸ்டிக் சோடா தொட்டில முக்கி எடுக்கிறவங்களும் இருக்காங்க, மரம் கருத்துடும், பொருத்து விட்டுடும், கண்டிப்பா வேண்டாம். பழைய அரக்கு மேல அரக்கே போடறவரா பாருங்க, ஒரு சாண் இடத்துல போட்டுக் காட்டச் சொல்லிட்டு, காஞ்ச பிறகு பாத்து மிச்சத்தக் குடுங்க.

அறிகுறி: தேக்கு மேல பெயிண்ட், உரிஞ்சு வருது

பச்சை, நீலம், காவின்னு எனாமல் அடிச்ச தூணும் ஜன்னலும் நிறைய வீட்டுல இருக்கு. இத சுத்தம் பண்ற வேலையா நினைச்சு ஆரம்பிக்காதீங்க. வீட்டுப் பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல இருக்கக்கூடாதுங்கிற விதி நம்ம நாட்டுல 2016ல வந்து 2017 நவம்பர்லருந்துதான் நடைமுறை. அதுக்கு முந்தின எந்தப் பெயிண்ட்லயும் ஈயம் இருக்கலாம்னே எடுத்துக்கணும். காஞ்ச உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது, தீ காட்டி எரிக்கக் கூடாது, கர்ப்பிணியும் சின்னப் பிள்ளைகளும் வேலை முடிஞ்சு ஈரத்துணி போட்டுத் துடைக்கிற வரை வீட்டுல இருக்கக் கூடாது.

ஒரு சின்ன பலகைன்னா பெயிண்ட் ரிமூவர் தடவி, இளகினத பிளாஸ்டிக் தகடால வழிச்சு, கவர்ல கட்டிடலாம். தூண், செதுக்கின நிலைன்னா தொழில் தெரிஞ்சவங்க கிட்ட குடுங்க. பெயிண்ட் உரியாம கெட்டியா நிக்குதுன்னா வெறும் சோப்புத் துணியால துடைச்சுட்டு விட்டுடலாம், உள்ள இருக்கிற தேக்குக்கு அதால கெடுதல் இல்ல.

அறிகுறி: சின்ன ஓட்டை, கீழ மாவு, இல்ல மண் கோடு

குண்டூசித் தலை அளவு ஓட்டை, கீழ கோதுமை மாவு மாதிரி நைஸா தூள்னா உளுக்கிற வண்டு. தேக்குல வைரப் பகுதிய (உள்பக்கத்து கெட்டி மரம்) இது பெரும்பாலும் தொடாது, ஓரத்துல வெளிறின பகுதில வரும், இல்லன்னா பின்னாடி மாட்டின மட்ட மரத்துல வரும். ஓட்டை இருக்கிறதாலயே பூச்சி இருக்குன்னு இல்ல, எப்பவோ வந்துட்டுப் போயிருக்கலாம். தூள சுத்தமா பெருக்கிட்டு ஓட்டைகள மெழுகால அடைச்சு, அடியில கருப்பு சார்ட் பேப்பர் விரிச்சு ரெண்டு மூணு வாரம் விடுங்க. பேப்பர்ல திரும்பத் தூளோ, அடைச்ச மெழுக ஒட்டிப் புது ஓட்டையோ வந்தா உயிரோட இருக்கு, பூச்சி மருந்துக்காரரக் கூப்பிடணும். மண்ணெண்ணெய் ஊத்தறது வாடையத் தவிர வேற பெருசா எதுவும் பண்ணாது, தீ ஆபத்து வேற.

சுவர்லருந்து நிலைக்கு ஏறுற மண் கோடுன்னா கரையான். இத சுத்தம் பண்ணாதீங்க, அப்படியே விட்டு போட்டோ எடுத்துட்டு அன்னிக்கே பூச்சி மருந்துக்காரரக் கூப்பிடுங்க. அவருக்கு வழி தெரியணும், நீங்க துடைச்சுட்டா எங்கருந்து வருதுன்னு கண்டுபிடிக்க சிரமம். நிலைய விரல் முட்டியால தட்டிக்கிட்டே கீழருந்து மேல போங்க, சத்தம் கணீர்னு இருந்து திடீர்னு பொத்தல் சத்தமா மாறுற இடத்துல சாக்பீஸால கோடு போட்டு வைங்க, மருந்துக்காரருக்கும் அடுத்து வர்ற ஆசாரிக்கும் அது உதவும். மருந்து அடிச்சு முடிச்ச பிறகுதான் மரத்தத் துடைக்கிற வேலை.

அறிகுறி: உத்தரம், கூரைக் கட்டை துடைக்கும்போது மண்ணா உதிருது, இல்ல வளைஞ்சு தெரியுது

மெட்ராஸ் டெரஸ் கூரைல தேக்குக் கட்டை வரிசையா இருந்து மேல செங்கலும் சுண்ணாம்பும் இருக்கும். அந்தக் கட்டையோட ரெண்டு முனையும் சுவருக்குள்ள புதைஞ்சிருக்கும், ஈரம் ஏறி மக்கறது அந்த முனைலதான், நடுவுல பாத்தா நல்லா இருக்கிற மாதிரியே தெரியும். சுவர ஒட்டின ஒரு அடிய ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாருங்க, சுலபமா இறங்கினாலோ, கட்டைக்கும் செங்கலுக்கும் நடுவுல புதுசா இடைவெளி தெரிஞ்சாலோ, தரையில சுண்ணாம்புத் துகள் அடிக்கடி விழுந்தாலோ துடைக்கிறத அப்பவே நிறுத்துங்க. அந்த அறைல யாரும் படுக்க வேண்டாம், மேல மாடில தண்ணி டிரம், செங்கல் ஏதாவது வச்சிருந்தா இறக்கிடுங்க. பழைய கட்டடம் பாத்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருத்தர் வந்து முட்டு குடுத்து, எந்தக் கட்டைய மாத்தணும்னு சொன்ன பிறகு மிச்சக் கட்டைகள துடைக்கிறதப் பத்தி யோசிக்கலாம்.